பாய்லரில் மிஞ்சிய தண்ணீர்

பாய்லரில் தண்ணீர் குறைந்தால் ஆட்கள் ஓடுவார்கள். மிஞ்சினால் நின்று திட்டுவார்கள். இரண்டும் கோளாறுதான் என்றாலும் மிஞ்சுவதற்கு ஒரு மரியாதை கிடையாது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கிறவன் நான். எங்கள் இடத்தில் தண்ணீர் ஒரு விரல்கடை கூடினாலும் ஆளாளுக்கு வந்து மீட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள். பழவேற்காட்டு நண்டுக் கொட்டகையில் தட்டிப் பார்க்க மீட்டரும் இல்லை, ஆளும் இல்லை. அங்கே தண்ணீர் மிஞ்சினால் பாய்லர்காரன் தூங்கிவிட்டான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த வருஷம் அப்படித் தூங்கியதாகப் பேர் வாங்கியவன் என் அக்கா மகன்.

போனில் அவன் குரல் அழுகிற மாதிரி இருந்தது. கல்யாண வயது வந்தவன் அப்படிப் பேசினால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும்.

“இன்னாடா ஆச்சு, நேரா சொல்லு.”

“தண்ணி ஏறிக்கினே போவுது மாமா. மட்டம் காட்டற கண்ணாடி மேல வரைக்கும் ரொம்பிடுது. நா ஒண்ணும் பண்ணல. தூங்கிட்டேன்னு சொல்றாங்க.”

“தூங்கினியா?”

“நைனா மேல சத்தியமா இல்ல மாமா.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. செத்துப்போன அப்பா மேல் அவன் சும்மா சத்தியம் செய்ய மாட்டான்.

இந்த வாரத்துக்குள் சரியாகவில்லை என்றால் பொன்னேரியிலிருந்து வேறு ஆளைக் கொண்டு வந்துவிடுவேன் என்று கொட்டகைக்கார பாய் சொல்லியிருந்தார். பாய் கெட்டவர் இல்லை. ஊறிப்போன நண்டுச் சதையை வாங்குகிறவன் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தால் அவரும்தான் என்ன செய்வார். ஆனால் வேலை போவதைவிட வேறொன்று பையனைக் குத்தியிருந்தது. ஐஸ் பெட்டி ஏற்றுகிற ஆள் ஒருவன் அவன் காதுபடவே சொன்னானாம்: “அப்பன் தண்ணி இல்லாம வுட்டான், புள்ள தண்ணிய ஏத்தி வுடறான்.”

அந்த அப்பன் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கொட்டகை என்று பேர்தானே தவிர அது ஏரியோரத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடம். டச்சுக்காரன் சரக்கு வைத்த கிடங்கு என்று பாய் பெருமை அடிப்பார். பழவேற்காட்டில் சுவர் கொஞ்சம் தடியாக இருந்துவிட்டால் போதும், டச்சுக்காரன் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். முன்பக்கம் நண்டு உடைக்கிற பெண்கள் உட்காரும் நீளக் கூடம். பின்பக்கம் மாடிப்படிக்கு அடியில் பாய்லர். காலையில் ஏரி நண்டு வந்து இறங்கியதும் அதை ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் அடுக்கி ஆவி விடுவார்கள். அந்தப் பெட்டிக்கு இட்லிப்பானை என்று பேர். வெந்த நண்டை ஆறவைத்துப் பெண்கள் சதை எடுப்பார்கள். ஆவி காய்ந்து வந்தால் சதை இழை இழையாகப் பிரியும். பாய்லரில் தண்ணீர் மிஞ்சினால் ஆவியோடு தண்ணீரும் அடித்துக்கொண்டு வரும், நண்டு ஊறும், சதை கூழாகும்.

அந்தப் பாய்லரை முதலில் பார்த்தவர் அக்காவின் வீட்டுக்காரர். ஏரியோரத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கொதிக்கக் கொதிக்க உப்பு உள்ளே தங்கிக்கொண்டே போகும். அதனால் தினமும் அடிவால்வைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். அவர் அதில் ஒரு நாளும் குறை வைத்தவர் இல்லை. ஆனாலும் ஒரு நாள், தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாயின் கீழ்த் துவாரத்தை உப்பு அடைத்துக்கொண்டது. பாய்லருக்குள் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்க, கண்ணாடி மட்டும் பாதி நிறைந்தபடியே காட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏற்றுகிற பம்பும் அன்றைக்குக் காற்று பிடித்துச் சும்மா சுற்றியிருக்கிறது. பம்பிலிருந்து பாய்லருக்குப் போகிற பைப்பில் அவர் தற்செயலாகக் கை வைத்தார். சுட்டது. உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடினால் அது சுடாது. அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பதறிப்போய்ப் பம்பைச் சரிசெய்து தண்ணீர் விட்டார். பாய்லரின் உள்குழாய் பிளந்து ஆவி அவர் மேல் அடித்தது.

சென்னை ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார். அக்கா பக்கத்தை விட்டு நகரவில்லை. அவர் திரும்பத் திரும்ப அவளிடம் சொன்னது ஒன்றுதான். “பைப்பு சுட்டுச்சு. தண்ணி இல்ல. பைப்பு சுட்டுச்சு.”

பிறகு பாய் பாய்லரைச் சரிசெய்தார். கரண்ட் போனாலும், பம்பு கெட்டாலும் தண்ணீர் போக வேண்டும் என்று மாடித் தொட்டியிலிருந்து நேராக இன்னொரு பைப் இழுத்து, பம்பு பைப்போடு சேர்த்து, அதற்கு ஒரு கை வால்வும் வைத்தார். ஆவி அழுத்தம் குறைந்த பாய்லர் என்பதால் மாடி உயரமே தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். அக்கா மகன் பாய்லர் பரீட்சை எழுதிப் பாஸானதும் அவனுக்கே அந்த வேலையைக் கொடுத்தார். முன்கூடத்தில் நண்டு உடைத்துக்கொண்டிருந்த அக்கா, காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் அதே இடத்தில் போய் உட்கார்ந்தாள். வேறு எங்கே போவாள்? பாய்லர் பக்கம் பார்க்காமல் இருந்துவிடு என்று நான் சொன்னேன். சொல்வதற்கு எனக்கென்ன, நான் இருப்பது கும்மிடிப்பூண்டியில்.

லீவு போட்டுவிட்டுப் பழவேற்காடு பஸ்ஸைப் பிடித்துப் போனேன். அக்கா வீட்டில்தான் தங்கல்.

பாய்லர் தானாகத் தண்ணீரைப் பெருக்கிக்கொள்வதில்லை. எங்கிருந்தோதான் வருகிறது. வரக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுகிற வழியில் திருடன் நிற்பான். எனக்குத் தெரிந்த வித்தை இவ்வளவுதான். முதலில் ஃப்ளோட்டைக் கழற்றினேன். தண்ணீர் போதும் என்றால் பம்பை நிறுத்த வேண்டியது அதன் வேலை. அதன் அறைக்குள் சேறும் உப்பும் அப்பிக்கிடந்தன. ஆகா, பிடித்துவிட்டோம் என்று சந்தோஷமாகச் சுரண்டிக் கழுவி மாட்டினேன். மறுநாள் டீ நேரத்தில் நான் டீ குடித்துவிட்டு வந்ததும் கண்ணாடி மறுபடியும் மேல்வரை நிறைந்து, ஆவிக் குழாய்க்குள் தண்ணீர் போய் முட்டி டொக் டொக்கென்று யாரோ சுத்தியால் அடிப்பது போலச் சத்தம் வந்தது. கூடத்தில் பெண்கள் கை நிறுத்திப் பார்த்தார்கள். பாய் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பம்பு நின்ற பிறகும் பம்பு பைப்பின் வால்வு வழியாகக் கசிகிறதோ என்று ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வால்வில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். கசிந்தால் உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, பம்பு தள்ளினால் மட்டும் திறக்க வேண்டிய செக் வால்வு. சாயங்காலம் நெருப்பு அணைந்து பாய்லர் ஆறும்போது உள்ளே வெற்றிடமாகி, செக் வால்வு சரியாக மூடாவிட்டால், பாய்லர் தொட்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பழைய பாய்லர்களின் கெட்ட பழக்கம் அது. திறந்து பார்த்தால் அங்கேயும் உப்பு. சுரண்டினேன். மட்டத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். காலையில் தண்ணீர் குறியிலேயே நின்றது. பையன் முகத்தில் அத்தனை நாள் கழித்துச் சிரிப்பு வந்தது. டீ நேரம் வரைக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது அக்கா கேட்டாள். “சரியாச்சா?”

“ஆவல. ஏறிக்கினேதான் போவுது.”

“ஏறினா ஏறிட்டு போவட்டும். கொறயாம பாத்துக்க.”

“அவன் வேல பூடும்கா.”

அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் என் வால்வு நினைப்பிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில், மிஞ்சியிருந்த ஒரே வழியான அந்தக் கை வால்வுக்கு வந்தேன். இறுக்கமாக மூடியிருந்தது. யாரும் தொடுவதில்லை என்று பையன் சொல்லியிருந்தான். தொடாத வால்வின் சக்கரத்தில் புழுதி இருக்க வேண்டும். இதில் இல்லை. சக்கரத்தின் அடிப்பக்கம் விரலில் என்னவோ ஒட்டியது. வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு இழை, காய்ந்த நண்டுச் சதை. பாய்லர்காரன் கையில் விறகுக் கரிதான் இருக்கும். காட்டூரிலிருந்து வருகிற சவுக்கு விறகு அவன் கையைத் தேய்த்துக் கறுப்பாக்கி வைத்திருந்தது. நண்டுச் சதை ஒட்டுகிற கை முன்கூடத்தில்தான் இருந்தது.

பையனிடம் ஒன்றும் சொல்லவில்லை. டீ நேரத்தில் அவன் வழக்கப்படி விறகு எடுக்க வெளியே போனான். நான் பாய்லருக்குப் பின்னால் இருந்த விறகு அடுக்குக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டேன். பெண்கள் கை கழுவவும் டீ குடிக்கவும் பின்வாசல் வழியாக வெளியே போனார்கள். கடைசியாக வந்த அக்கா மட்டும் நின்றாள். பம்பு பைப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பாய்லரையும் பார்க்கவில்லை, கண்ணாடியையும் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிப் படிக்கட்டுப் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோரும் ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவி வளர்ந்தவர்கள். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை. கண் எங்கேயாவது கரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், சேற்றில் கைதான் பார்க்கும். எங்களில் அக்கா கைதான் கெட்டிக்காரக் கை. நான் வெறும் சேற்றை அள்ளிக்கொண்டு வருகிற இடத்தில் அவள் இறாலோடு எழுந்திருப்பாள். கை பொய் சொல்லாது என்பது அவள் எண்ணம், அதில் அவளுக்குச் சந்தேகமே வந்தது கிடையாது.

பைப் சுட்டிருக்கும். அவள் கை வால்வைத் திறந்தாள். ஒரு கை சக்கரத்தில், ஒரு கை பைப்பில். மாடித் தொட்டித் தண்ணீர் இறங்கி, பைப் அவள் உள்ளங்கைக்குள் குளிர்கிற வரைக்கும் நின்றாள். பிறகு இறுக்கி மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மற்ற பெண்களோடு டீ குடிக்கப் போனாள். விறகடுக்குக்குப் பின்னால் நின்ற எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அன்று சாயங்காலம் வேலை விட்டதும் அவளை ஏரிக்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். பையன் பாய்லரை அணைத்துவிட்டு வர நேரமாகும்.

“அக்கா, பாய்லருக்கு நீதான் தண்ணி வுடறியா?”

மறைக்கப் பார்க்கவில்லை. “பைப்பு சுடுதுடா.”

“கண்ணாடி பாதி காட்டுதே, அத்த பாக்கறதில்லயா?”

“அன்னிக்கும்தான் பாதி காட்டுச்சு.”

அவள் சொல்வதும் நியாயம்தானே. தண்ணீர் ஓடாதபோது அந்தப் பைப் சுடத்தான் செய்யும், பாய்லரில் தண்ணீர் போதுமென்றாலும் ஓடாது, பம்பு கெட்டாலும் ஓடாது, இரண்டுக்கும் ஒரே சூடுதான் என்று விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

“அப்ப ரெண்டையும் எப்டி தெரிஞ்சிக்கறது?”

“கையால தெரிஞ்சிக்க முடியாதுக்கா.”

“முடியலன்னா தண்ணி வுட்டுட வேண்டிதான். கொறஞ்சா உசுரு போவுது, ரொம்பினா திட்டு வுழுது. திட்டு வாங்கினா இன்னா?”

“வேல பூடும்னு சொல்றனே.”

“பூடட்டும். ஆளு இருப்பான் இல்ல?”

அதோடு விட்டிருக்கலாம். கை வால்வின் சக்கரத்தைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது நின்றுவிடும். ஆனால் அந்தக் கொட்டகையில் ஆள் நினைத்தால் தண்ணீர் விட வேறு வழியும் இருந்தது, பம்பு சுவிட்ச் எட்டுகிற இடத்திலேயே இருந்தது. பாய்லர் நிஜமாகவே வற்றிப்போகிற ஒரு நாளில் இவள் ஓடிப்போய்த் தண்ணீர் விட்டால் அங்கே நிற்கப்போவது அவள் மகன். அதனால் சொன்னேன்.

“நெஜமாவே தண்ணி இல்லாத அன்னிக்கு நீ தொறக்கவே கூடாதுக்கா. காஞ்சி செவந்து கெடக்கற இரும்புல தண்ணி பட்டாதான் அது பொளக்கும். நெருப்ப வெளிய இழுத்து போட்டுட்டு எட்ட போய்டணும். தண்ணி மட்டும் வுடக் கூடாது.”

கரையில் யாரோ வலையை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மடித்து முடிக்கும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரு வுட்டாரே,” என்றாள்.

“ஆமா.”

“வுடாம இருந்திருந்தா?”

“பாய்லர்தான் வீணா போயிருக்கும்.”

“அவரு?”

பிழைத்திருப்பார் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

“உனுக்கு அப்பவே தெரியுமா?”

“பாய்லர் பாக்கறவங்களுக்கு தெரியும்கா.”

“புள்ளைக்கு?”

“அதுக்கு படிச்சிருக்கானே. தெரியும்.”

“எனுக்குத்தான் தெரில,” என்றாள். “அவரு சொல்லும்போதெல்லாம் நா இன்னா நெனச்சேன் தெரியுமா. இன்னும் கொஞ்சம் சீக்கிரமா தண்ணி வுட்டிருந்தா பொழச்சிருப்பாருன்னு. நா முன்னாலதான உக்காந்திருந்தேன், ஒரு தபா எழுந்து போய் பைப்ப தொட்டு பாத்திருக்கலாமேன்னு.”

அவள் சத்தம் போட்டு அழவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நண்டு ஓடு கிழித்த கோடுகள் அந்தக் கையில் நிறைய இருந்தன. சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. இன்றைக்கும் எனக்கு அதில் ஒரு முடிவு கிடைக்கவில்லை.

மறுநாள் கை வால்வின் சக்கரத்தைக் கழற்றிப் பையனிடம் கொடுத்து, அவசரத்துக்கு மட்டும் மாட்டு என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். சொன்னேன். விறகின் மேல் உட்கார்ந்துவிட்டான். அவன் கேட்டது ஒன்றுதான்: “நைனா வெவரத்த அம்மாகிட்ட சொல்லிட்டியா?” சொல்லிவிட்டேன் என்றதும் எழுந்துபோய் அடுப்பில் விறகு தள்ள ஆரம்பித்தான். பாயிடம் கை வால்வு கசிந்தது, சரிசெய்துவிட்டேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு தண்ணீர் மிஞ்சவில்லை. பொன்னேரி ஆள் வரவில்லை. வேலை நிலைத்தது. ஐஸ் பெட்டிக்காரன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

சில மாதம் கழித்து ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனவன் கொட்டகைக்கும் போனேன். பெண்கள் இன்னும் டீக்கு எழவில்லை. பையன் பாய்லர் பக்கம் குனிந்து அடிவால்வைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருந்தான். அது அவன் காலையில் செய்து முடித்திருக்க வேண்டிய வேலை. தண்ணீர் வெளியே ஓட, கண்ணாடியில் மட்டம் இறங்க, பம்பு தானாக ஓட ஆரம்பித்தது. என்னைப் பார்த்தவன் பேசாதே என்று கையைக் காட்டினான்.

அந்த நேரம் பெண்கள் வெளியே வந்தார்கள். அக்கா கடைசியாக வந்தாள். நின்றாள். பைப்பில் கை வைத்தாள். முகம் அதேபோலப் படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

“தெனமும் இப்டியாடா?” என்றேன்.

“ஆமா மாமா. அம்மா வர்ற நேரத்துக்கு பம்பு ஓடற மாரி வச்சிப்பேன். பைப்பு குளுந்திருக்கும்.”

“நீ வேணும்னே பண்றேன்னு அதுக்கு தெரியாதா?”

“தெரியும். மொத நாளே சொல்லிச்சு, தண்ணிய ஏண்டா வீணாக்கறேனு. ஆனா வர்றத நிறுத்தல.”

அவன் அடிவால்வை மூடினான். கண்ணாடியில் தண்ணீர் ஏறிப் பாதிக்கு வந்ததும் பம்பு நின்றது. அவன் விறகு எடுக்கப் போன பிறகு நானும் அந்தப் பைப்பில் கை வைத்துப் பார்த்தேன். அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது.